மேக்ரோவா, ஃபங்ஷனா? சாஸ் எழுதும் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம்: கிளினிக்கல் ட்ரையல் (மருந்துச் சோதனை) டேட்டாவை அலச சாஸ் (SAS) என்ற மொழியில் ப்ரோகிராம் எழுதுகிறீர்கள். ஸ்டடி டே, அதாவது ஒரு நிகழ்வு ட்ரையலின் எத்தனையாவது நாளில் நடந்தது என்று கணக்கிடும் வரிகளை எட்டு ப்ரோகிராம்களில் காப்பி-பேஸ்ட் செய்து வைத்திருக்கிறீர்கள். "மேக்ரோவாக மாற்று" என்கிறார் லீட். "ப்ராக் எஃப்சிஎம்பி-யில் ஃபங்ஷன் எழுதிவிடு" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர் (சாஸில் சொந்த ஃபங்ஷன் எழுதும் கருவி அது). டீமில் ஏற்கெனவே 600 வரி மேக்ரோ ஒன்று இருக்கிறது, அதைத் தொடவே பயமாக இருக்கிறது. இதில் எந்த வழியில் போவது?

ஸ்டடி டே-க்கு என் பதில்: ஃபங்ஷன். உங்கள் லீட் சொல்வது தவறு என்பதல்ல. பெரும்பாலான டீம்களில் மறுபயன்பாடு என்றாலே மேக்ரோ என்று ஆகிவிட்டது. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ப்ராக் எஃப்சிஎம்பி-யில் எழுதிய ஃபங்ஷனை டேட்டா ஸ்டெப்பில் (டேட்டாவை வரிசை வரிசையாகப் படித்துக் கணக்கிடும் பகுதியில்) கூப்பிடும் வசதி 2008-இல் வந்த சாஸ் 9.2-இல்தான் கிடைத்தது. அதற்கு முன் கற்றுக்கொண்டவர்களுக்கு மேக்ரோவை விட்டால் வேறு வழி இல்லை. அவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள், நாம் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் புதியவர்களுக்கு இப்படிச் சொல்வேன். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திர எழுத்தர் இருப்பார். வாங்குபவர் பெயர், விற்பவர் பெயர், சர்வே எண், நான்கு எல்லை எல்லாவற்றையும் கேட்டு, தயாராக இருக்கும் வாசகத்தில் பொருத்தி எழுதிக் கொடுத்துவிடுவார். நிலத்தை அவர் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மேக்ரோ அவர்தான். சர்வேயர் வேறு ஆள். ஒவ்வொரு மனையிலும் இறங்கிச் சங்கிலி போட்டு அளந்து, ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். ஃபங்ஷன் அவர். பத்திர எழுத்தரிடம் போய் "இந்த மனை எத்தனை சென்ட்?" என்று கேட்பதால்தான் சாஸில் பாதிக் குழப்பம் வருகிறது.

அதாவது மேக்ரோ ப்ராசஸர் உங்கள் டேட்டாவைப் பார்ப்பதில்லை. % அல்லது & போட்ட இடங்களை எழுத்தாக விரித்து, விரித்த எழுத்தை சாஸ் கம்பைலரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அதன் பிறகுதான் டேட்டா ஸ்டெப் ஓடும், வரிசை வரிசையாக டேட்டா வரும். இந்த முன்-பின் வரிசை மனதில் பதியாத வரை மேக்ரோ மாயம் போலவே தெரியும்.

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். மேக்ரோவுக்குள் இருக்கும் ஒரு டேட்டா ஸ்டெப்பில், வயதைக் குறிக்கும் ஏஜ் என்ற மாறி 60-ஐ விட அதிகமா என்று பார்க்க, இஃப் என்று எழுதுவதற்குப் பதில் %இஃப் என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். எர்ரர் வராது. மேக்ரோ ப்ராசஸருக்கு ஏஜ் என்பது மாறி அல்ல, மூன்று எழுத்து. 60 என்பது இரண்டு எழுத்து. ஒரு பக்கம் முழு எண் இல்லை என்பதால் இரண்டையும் எழுத்தாகவே ஒப்பிடும். ஆஸ்கி (கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) வரிசையில் ஆங்கில எழுத்துகள் எண்களுக்குப் பின்னால் வருவதால் விடை எப்போதும் "உண்மை". ஆக, கைக்குழந்தை உட்பட எல்லோருக்கும் முதியவர் என்ற கொடி விழும். (மெயின்ஃப்ரேமில் எப்சிடிக் வரிசை நேர் எதிர். அங்கே இதே ப்ரோகிராமை ஓட்டினால் ஒருவருக்கும் விழாது. ஒரே கோட், இரண்டு இயந்திரம், இரண்டு தவறான விடை.)

இதே குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு. &வரம்பு என்ற மேக்ரோ மாறியில் 10.5 இருக்கிறது, %இஃப் போட்டு 9-ஐ விடப் பெரிதா என்று கேட்கிறீர்கள். விடை "இல்லை" என்று வரும். %இஃப்-க்குப் பின்னால் கணக்குப் போடும் %இவால் முழு எண்ணை மட்டும்தான் எண்ணாக எடுத்துக்கொள்ளும். தசமப் புள்ளி வந்தவுடன் எழுத்து ஒப்பீட்டுக்குத் தாவிவிடும், "1" என்ற எழுத்து "9"-க்கு முன்னால் இருக்கிறது, முடிந்தது கதை. தசமத்தையும் எண்ணாக எடுக்கும் %சிஸ்இவால்எஃப் போட்டிருக்க வேண்டும். கணக்குப் போட இவ்வளவு தடுமாறும் ஆளிடம் கணக்கைக் கொடுப்பானேன்?

இப்போது உங்கள் ஸ்டடி டே-க்கு வருவோம். எஸ்டிடிஎம் (ட்ரையல் டேட்டாவை அடுக்கும் பொதுத் தரம்) விதி உங்களுக்குத் தெரியும்: நிகழ்வுத் தேதி, குறிப்புத் தொடக்கத் தேதியன்றோ அதற்குப் பிறகோ என்றால் இரண்டையும் கழித்து 1 கூட்ட வேண்டும், முன்னால் என்றால் கழித்தால் போதும். பூஜ்யமாவது நாள் என்று ஒன்று கிடையாது. முந்தின நாள் −1, மருந்து கொடுத்த நாள் 1. இதை மேக்ரோவாக எழுதுபவர்கள் வழக்கமாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: &தேதி − &தொடக்கம் + (&தேதி >= &தொடக்கம்). ஒப்பீடு உண்மை என்றால் 1, இல்லையென்றால் 0, அதைக் கூட்டிக்கொள்வது. கெட்டிக்காரத்தனமான வரிதான். நானும் பல ஆண்டுகள் இதைத்தான் வைத்திருந்தேன்.

ஒருநாள் யாரோ ஒருவர் ஸ்க்ரீனிங் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று, தொடக்கம் என்ற இடத்தில் "மருந்து − 7" என்று கொடுப்பார். மேக்ரோ அதைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளாது, அப்படியே ஒட்டும். தேதி − மருந்து − 7 என்று ஆகிவிடும். நிகழ்வுத் தேதி 100, மருந்துத் தேதி 90 என்று வையுங்கள். வர வேண்டிய வித்தியாசம் 100-லிருந்து 83 போக 17. வருவதோ 100-லிருந்து 90 போக, அதிலிருந்து 7 போக, 3. பதினான்கு நாள் காணாமல் போயிற்று. லாகில் (ஓடியதைப் பற்றி சாஸ் எழுதும் பதிவில்) ஒரு சிவப்பு வரி கூட இல்லை. ஒவ்வொரு & மாறியையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் அடைப்புக்குறி போட மறக்கும் ஒரு ஆள் எந்த டீமிலும் இருப்பார். பெரும்பாலும் அது நாமாகவே இருப்போம்.

ஃபங்ஷனில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. "மருந்து − 7" என்று கொடுத்தால் முதலில் அது கணக்கிடப்படும், 83 என்ற மதிப்புதான் உள்ளே போகும். ஃபங்ஷனுக்குள் நீங்கள் வைத்திருக்கும் துணை மாறிகள் வெளியே கசியாது. டேட்டாசெட்டில் அதே பெயரில் ஒரு மாறி இருந்தாலும் மோதல் இல்லை. டேட்டா ஸ்டெப்பிலும் கூப்பிடலாம், ப்ராக் எஸ்க்யூஎல்-லிலும் கூப்பிடலாம், வேர் (WHERE) நிபந்தனைக்குள்ளும் கூப்பிடலாம். %சிஸ்ஃபங்க் வழியாக மேக்ரோவுக்குள்ளிருந்தும் கூப்பிடலாம்.

இன்னொரு முக்கியமான லாபம், விடுபட்ட தேதிகள். சாஸ் எண் மாறியில் மதிப்பு இல்லையென்றால் அது எல்லா எண்ணையும் விடச் சிறியது. "தேதி தொடக்கத்துக்கு முன்னாலா?" என்று கேட்டால், தேதியே இல்லாதவருக்கும் "ஆம்" என்று வரும். நோய்த் தொடக்கம் "2021-03" என்று மாதத்தோடு நின்றுபோன பதிவுகள் எந்த ட்ரையலிலும் உண்டு. அவற்றை என்ன செய்வது என்ற முடிவை ஃபங்ஷனின் முதல் இரண்டு வரியில் ஒரே முறை எழுதிவிடுங்கள்: இரண்டில் எது விடுபட்டாலும் விடையும் விடுபட்டதே. எட்டு ப்ரோகிராமில் எட்டு விதமாக இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

எழுதும் முறையில் சிரமம் எதுவும் இல்லை. ப்ராக் எஃப்சிஎம்பி என்று ஆரம்பித்து, அவுட்லிப் என்ற இடத்தில் மூன்றடுக்குப் பெயர் கொடுப்பீர்கள்: லைப்ரரி, டேட்டாசெட், அதற்குள் ஒரு தொகுப்புப் பெயர். பிறகு ஃபங்ஷன் என்ற சொல், பெயர், உள்ளீடுகள், கணக்கு, ரிட்டர்ன், கடைசியில் எண்ட்சப். பயன்படுத்தும் இடத்தில் சிஎம்பிலிப் என்ற ஆப்ஷனில் முதல் இரண்டு அடுக்கை மட்டும் சொல்ல வேண்டும். இங்கேதான் புதியவர்கள் முட்டிக்கொள்வார்கள்: எழுதும்போது மூன்று, தேடும்போது இரண்டு. சாஸ் திறக்கும்போதே ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் அந்த ஆப்ஷனை வைத்துவிட்டால் டீமில் எல்லோருக்கும் தானாகக் கிடைக்கும். ஃபங்ஷன் திருப்பித் தருவது எழுத்து என்றால் டாலர் குறியும் நீளமும் மறக்காமல் போடுங்கள். நீளத்தை விட்டால் விடை பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. கோடிக்கணக்கான வரிசை என்றால், நேரடியாக எழுதிய கணக்கை விட ஃபங்ஷன் அழைப்பு மெதுவாக ஓடலாம். ஃபுல்ஸ்டைமர் ஆப்ஷன் போட்டு நேரத்தை அளந்து பாருங்கள். டேட்டா ஆரக்கிள் மாதிரி டேட்டாபேஸில் இருந்து, வேர் நிபந்தனையில் உங்கள் சொந்த ஃபங்ஷனைப் போட்டால், பொதுவாக அந்த வடிகட்டல் டேட்டாபேஸுக்குள் நடக்காது. மொத்த டேபிளும் சாஸுக்கு இறங்கிய பிறகுதான் நடக்கும். கிளினிக்கல் ட்ரையலில் இந்த இரண்டும் அபூர்வம். வங்கியில் வேலை செய்பவர் இதைப் படித்தால் அவருக்குத்தான் இந்தப் பத்தி.

அப்படியென்றால் மேக்ரோ எதற்கு? வேலையின் உருவமே மாறும்போது. பதினைந்து டேபிள்களுக்கு ஒரே மாதிரி ப்ராக் ஃப்ரீக், ப்ராக் மீன்ஸ், ப்ராக் ரிப்போர்ட் ஓட வேண்டும், டேட்டாசெட் பெயரும் தலைப்பும் மட்டும் மாற வேண்டும் என்றால் அது ஃபங்ஷனால் ஆகாது. முழு ஸ்டெப்புகளை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். பத்திர எழுத்தரின் வேலை அதுதான், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டேட்டாசெட்டில் எத்தனை வருகைகள் இருக்கிறதோ அத்தனை நெடுவரிசை உருவாக்குவது, ஒரு டேட்டாசெட் இருந்தால் மட்டும் ஒரு ஸ்டெப்பை ஓட்டுவது, இதெல்லாம் மேக்ரோவின் சொந்த ஊர். இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் இப்போது மேக்ரோ எழுதக்கூடத் தேவையில்லை. 2017-இல் வந்த 9.4-இன் ஐந்தாவது பராமரிப்பு வெளியீட்டிலிருந்து %இஃப்-ஐ மேக்ரோவுக்கு வெளியிலேயே எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனைக்காக மேக்ரோ சுற்றி வைத்த பழைய ப்ரோகிராம்கள் எத்தனையோ.

இவை இரண்டும் இல்லாமல் மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: ஃபார்மட். வயதைப் பிரிவாக்குவது, குறியீட்டை விளக்கமாக்குவது, ஆய்வக அளவை "இயல்பு, அதிகம், குறைவு" என்று மாற்றுவது எல்லாம் ப்ராக் ஃபார்மட் வேலை. இதற்கெல்லாம் நாற்பது வரி இஃப்-எல்ஸ் எழுதி, அதை மேக்ரோவில் போர்த்தி, அதற்கு டாகுமெண்ட் வேறு எழுதி வைத்திருந்த டீம்களைப் பார்த்திருக்கிறேன்.

மேக்ரோ எழுதுவதானால் ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்பேன்: %லோக்கல், அதாவது மாறி அந்த மேக்ரோவுக்குள் மட்டும் இருக்கட்டும் என்று சொல்லும் வரி. இதில் அடிபட்டவன் நான். நான்கு நாடுகளுக்கு அட்டவணை தயாரிக்கும் மேக்ரோ ஒன்று எழுதியிருந்தேன். ஐ என்ற எண்ணியை வைத்து 1-லிருந்து 4 வரை சுற்று. சுற்றுக்குள், வேறொருவர் எழுதிய மேக்ரோவைக் கூப்பிட்டேன். அது மூன்று வருகைகளுக்கு 1-லிருந்து 3 வரை ஒரு சுற்று. அவரும் ஐ என்றே எண்ணிக்குப் பெயர் வைத்திருந்தார். %லோக்கல் போடவில்லை. வெளி மேக்ரோவில் ஐ இருப்பதால் உள் மேக்ரோ தனக்கென்று புதிதாக ஒன்று உருவாக்காமல் என்னுடைய ஐ-யையே எடுத்துக்கொண்டது. முதல் நாட்டுக்கு வேலை முடிந்து உள் சுற்று வெளியேறும்போது ஐ-யின் மதிப்பு 4. என் சுற்று அதில் ஒன்றைக் கூட்டி 5 ஆக்கியது. 4-ஐத் தாண்டிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நின்றுவிட்டது. முதல் நாட்டுக்கு மட்டும் அட்டவணை வந்தது. மற்ற நாடுகளிலிருந்து டேட்டா இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். லாகில் எர்ரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை.

சில வாரம் கழித்து ஐந்தாவது நாடு சேர்ந்தது. 4-ஐ 5 ஆக்கினேன், மாலை பேட்ச்சில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது என்ன ஆகும் பாருங்கள்: முதல் நாடு முடிந்ததும் ஐ 4, ஒன்று கூட்டி 5, ஐந்தாவது நாடு ஓடும். அதற்குள் உள் மேக்ரோ மீண்டும் ஐ-யை 4-இல் கொண்டு வந்து விடும். கூட்டினால் 5, திரும்பவும் ஐந்தாவது நாடு. திரும்பவும், திரும்பவும். காலையில் வந்து பார்த்தால் ஐந்தாவது நாட்டின் அட்டவணை இரவெல்லாம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. லாக் ஃபைல் டிஸ்க்கை நிரப்பி, அதே சர்வரில் இருந்த மற்றவர்கள் வேலையும் நின்றிருந்தது. இரண்டு மேக்ரோவிலும் முதல் வரியில் %லோக்கல் ஐ என்று ஒன்று இருந்திருந்தால் போதும். அன்றிலிருந்து, மேக்ரோவுக்குள் பிறக்கும் ஒவ்வொரு மாறியையும் முதல் வரியில் %லோக்கலில் எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை.

மற்றவை சிறு சிறு பழக்கங்கள். மேக்ரோவின் உள்ளீடுகளைப் பெயரோடு கொடுக்கும்படி வையுங்கள், "மூன்றாவது கமாவுக்குப் பின் வருவது என்ன?" என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. நீங்கள் உருவாக்கும் தற்காலிக டேட்டாசெட்டுக்கு டெம்ப் என்று பெயர் வைக்காதீர்கள், கூப்பிடுபவரும் அதே பெயர்தான் வைத்திருப்பார். வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள். கொடுத்த டேட்டாசெட்டை அதன் இடத்திலேயே வரிசை மாற்றி (சார்ட்) வைக்காதீர்கள். விருந்தாளியாக வந்தவர் வீட்டுச் சாமான்களை மாற்றி வைத்துவிட்டுப் போவது மாதிரி அது.

மேக்ரோவை எங்கே வைப்பது என்று கேட்டால், சாஸ் தானாகத் தேடி எடுக்கும் ஆட்டோகால் ஃபோல்டர். ஒரு மேக்ரோவுக்கு ஒரு ஃபைல், ஃபைலின் பெயரும் மேக்ரோவின் பெயரும் ஒன்றே. லினக்ஸில் ஃபைல் பெயர் முழுவதும் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேக்ரோவைக் காணவில்லை என்றே சொல்லும். ஃபைலைத் திருத்திய பிறகும் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷனில் பழைய மேக்ரோதான் ஓடும், ஏனென்றால் ஒரு முறை கம்பைல் ஆனதை அது மறுபடி தேடாது. "திருத்திவிட்டேன், ஆனாலும் அதே தப்பு வருகிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு செஷனை மூடித் திறப்பதே மருந்து. கம்பைல் செய்து கேட்டலாகில் சேமிக்கும் வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூலக் கோட் தொலைந்துபோனால் கையில் மிஞ்சுவது கேட்டலாக் மட்டும்தான், அதை வேறு இயங்குதளத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது.

மறுபயன்பாட்டைப் பற்றி யாரும் சொல்லாத ஒரு விஷயம், நம் துறைக்கு மிகவும் பொருந்துவது. டபுள் ப்ரோகிராமிங் எதற்காகச் செய்கிறோம்? ஒருவர் டேட்டாசெட் உருவாக்குகிறார், இன்னொருவர் அவர் கோடைப் பார்க்காமல் தனியாக உருவாக்குகிறார், ப்ராக் கம்பேர் போட்டு இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். இருவரும் ஒரே மேக்ரோவையோ ஒரே ஃபங்ஷனையோ கூப்பிட்டால்? அதில் பிழை இருந்தால் அந்தப் பிழை இரண்டு பக்கமும் சமமாக விழும், ப்ராக் கம்பேர் வித்தியாசமே இல்லை என்று சொல்லும். காப்பி-பேஸ்ட்டில் பிழை ஒரு ப்ரோகிராமில் இருக்கும். பொதுக் கோடில் இருந்தால் எல்லா ஸ்டடியிலும் இருக்கும். ஆகவே பொது லைப்ரரிக்குப் போகும் ஃபங்ஷனைத் தனியாகச் சோதித்து, எதிர்பார்க்கும் விடைகளோடு ஒரு சின்ன டேட்டாசெட் வைத்துவிடுங்கள். ஸ்டடி டே-க்கு எட்டு வரிசை போதும்: அதே நாள், முந்தின நாள், அடுத்த நாள், தேதி இல்லை, தொடக்கம் இல்லை, இரண்டும் இல்லை, லீப் வருடத்து பிப்ரவரி 29-ஐத் தாண்டுவது, வருடக் கடைசியைத் தாண்டுவது. அப்போதும், க்யூசி செய்பவர் (சரிபார்க்கும் அந்த இரண்டாமவர்) ஸ்டடி டே-யைத் தன் கையாலேயே எழுதட்டும் என்பதுதான் என் கட்சி. லீடுகள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்த முன்-பின் விவகாரம் சாஸோடு நிற்பதில்லை. பெரிய டேட்டாவை அலச ஹடூப் காலத்தில் வந்த அப்பாச்சி பிக் மொழியிலும் 2011-இல் வந்த 0.9 பதிப்பில் மேக்ரோ சேர்ந்தது. அதுவும் ஓடுவதற்கு முன் ஸ்கிரிப்டை விரித்து எழுதும் வகைதான். ஒவ்வொரு வரிசையையும் கணக்கிட ஜாவாவிலோ பைத்தானிலோ தனியாக ஃபங்ஷன் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இன்று டிபிடி (எஸ்க்யூஎல் கோடை நிர்வகிக்கும் கருவி) என்பதில் ஜின்ஜா என்ற டெம்ப்ளேட் மொழியில் மேக்ரோ எழுதுபவர்களும் அதே பத்திர எழுத்தரிடம்தான் போகிறார்கள். எஸ்க்யூஎல் எழுதி முடிந்த பிறகே டேட்டாபேஸ் அதைப் பார்க்கிறது. அங்கே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எழுதி வைத்த ஃபங்ஷன் சர்வேயர். நாளைக்கு வேறு கருவிக்கு மாறினாலும் முதலில் கேட்க வேண்டியது, "இது ஓடுவதற்கு முன்னாலா, ஓடும்போதா?" என்பதே.

கடைசியாக அந்த 600 வரி மேக்ரோ. அதைப் படித்துப் புரிந்துகொள்ள முயலாதீர்கள், முடியாது. அது எழுதிக் கொடுப்பதைப் படியுங்கள். எம்ப்ரிண்ட் ஆப்ஷனைப் போட்டால் விரித்த கோட் லாகில் வரும். கூடவே எம்ஃபைல் ஆப்ஷனும், எம்ப்ரிண்ட் என்ற பெயரில் ஒரு ஃபைல்ரெஃப்பும் (ஃபைலுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) கொடுத்தால், அதே கோட் மேக்ரோவே இல்லாத சாதாரண சாஸ் ப்ரோகிராமாகத் தனி ஃபைலில் வந்து விழும். 600 வரியில் உங்கள் ஸ்டடிக்கு உண்மையில் ஓடுவது எண்பதோ நூறோதான் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதி யாரோ எப்போதோ கேட்ட விதிவிலக்குகள். எந்தக் கிளைக்குள் ஏன் போனது என்று தெரிய எம்லாஜிக், எந்த & என்னவாக மாறியது என்று தெரிய சிம்பல்ஜென். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் லாக் வெள்ளமாகிவிடும். முதலில் எம்ப்ரிண்ட் மட்டும் போதும்.

அந்த விரித்த ஃபைலில் ஸ்டடி டே, வயது, கால அளவு மாதிரி கணக்குகள் எங்கெங்கே வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மேக்ரோவின் இப்போதைய வெளியீட்டை ஒரு லைப்ரரியில் பத்திரப்படுத்துங்கள். ஒரு கணக்கை மட்டும் ஃபங்ஷனாக மாற்றி, ஓட்டி, ப்ராக் கம்பேர். பொருந்தினால் அடுத்தது. பொருந்தவில்லையென்றால் அவசரப்பட்டு உங்கள் ஃபங்ஷனைத் திருத்தாதீர்கள். எந்த நோயாளி, எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு லீடிடம் கொண்டுபோங்கள். பழைய மேக்ரோதான் இத்தனை நாளாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்று தெரியவந்தால், அது உங்கள் சீட்டில் முடிகிற விஷயமல்ல.